எந்த மலைக்கு?

தோட்டத்தில் ‘மலைக்குப் போறேன்’ என்றால் கொழுந்து பறிக்கப் போகிறேன் என்று பொருள். தேயிலை நட்ட சரிவு ஒவ்வொன்றும் அங்கே மலைதான். அதற்கு நம்பரும் உண்டு. டிசம்பர் பௌர்ணமிப் போயாவோடு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிட்டால் மட்டும், எந்த மலைக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

உயரம் 2,243 மீட்டர். நுவரெலியாவின் பீதுருதாலகாலை 2,524 மீட்டர் என்றாலும் அது பரந்து கிடக்கும் முதுகு. இதுவோ தனித்து நிற்கும் கூம்பு. கடலில் வந்தவர்களுக்கே அடையாளம் காட்டியது. உச்சியிலுள்ள பாதம் சிவனுடையது என்பார்கள் சைவர்கள். புத்தருடையது என்பார்கள் பௌத்தர்கள். முஸ்லிம்களுக்கு இது பாவா ஆதம் மலை.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்தால், அங்கிருந்து ஐயாயிரத்துக்கு மேல் படிகள். முதலில் தேயிலை, தேத்தண்ணிக் கடைகள், சீத கங்குல ஓடை. அதுவரை நடைதான். கடைசியில் வரும் மகாகிரிதம்பைதான் ஏற்றம். படிகள் செங்குத்தாகிவிடும், ஒன்று சாண் உயரம், அடுத்தது முழம். மரங்களின் மறைப்பு விலகியதும் காற்று ஆளைத் தள்ளும். கைப்பிடிக் கம்பி ஐஸாகச் சில்லிட்டிருக்கும். ஆனாலும் விடமாட்டோம்.

அந்தக் கம்பிக்கு முன்னோர் இரும்புச் சங்கிலிகள். 1344இல் இங்கே ஏறிய பயணி இபுனு பதூதா பத்துச் சங்கிலிகளை எண்ணியிருக்கிறார். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி: அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தவர், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா சொல்லிவிடுவாராம். மலைக்கு பாபா வழி, மாமா வழி என இரண்டு உண்டு என்றும் எழுதினார். (மாமா என்றது ஏவாளை, நம் தாய்மாமனை அல்ல.) மாமா வழி சுலபம், அதில் மட்டும் போய் வந்தவரை மலை ஏறியவராகவே கணக்கில் எடுக்கமாட்டார்களாம். படிகளில் ஏறும் நம்மை எந்தக் கணக்கில் வைப்பார்களோ!

ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் உச்சியை மனிதர் முதலில் தொட்டது 1865இல். அதன் ஹோர்ன்லி முகட்டிலும் இன்று பிடித்தேறத் தடித்த கயிறுகள் உண்டு. மலையேற்றம் மேல்நாட்டான் கொண்டுவந்த வித்தை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

உச்சியில், எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கம். கிழக்கே சூரியன் வந்ததும் எல்லோரும் மேற்கே திரும்புவார்கள்: மலையின் நிழல் முக்கோணமாக நீண்டு கிடக்கும். மலை கூம்பாக இருப்பதால் அல்ல. தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல, நீண்ட நிழலும் தொலைவில் குவிந்து தெரிகிறது. எந்த மலைக்கும் அப்படித்தான். காரணம் தெரிந்த பிறகும் அது அழகாகத்தான் இருக்கிறது.

வெசாக்கோடு பருவம் முடிந்தபின் வழியில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை; தென்மேற்குப் பருவமழை நேரே இந்தச் சரிவில்தான் மோதும். தை, மாசியில், போயா இல்லாத வார நாளாகப் பார்த்துப் போங்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு நல்லதண்ணியை விட்டுக் கிளம்பினால் போதும். கம்பளித் தொப்பியை மறக்காதீர்கள். முழங்காலுக்குச் சோதனை ஏறும்போது அல்ல, இறங்கும்போது.