ஆழ்கடலில் கிடப்பவருக்கு ஆபீஸ் நோட்டீஸ் எப்படி தெரியும்? குமரி மீனவர்களை எட்டாத புயல் உதவிகள்

நாகர்கோவில்: புயலில் சிக்காமல் தப்பிக்க மீனவர்களுக்கு அரசு கொடுக்கும் கருவி உண்டு, மானியம் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் அதற்கான அறிவிப்பு வரும்போது வாங்க வேண்டியவர் கரையில் இருப்பதில்லை. குமரி மேற்கு கடற்கரையில் இதுதான் சிக்கல்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் சுறா, சூரை பிடிப்பதில் பேர் போனவர்கள். கிளம்பினால் 30, 40 நாள் கழித்துத்தான் கரை. அதுவும் பெரும்பாலும் சொந்த ஊர் கரை கிடையாது. கொச்சி, மங்களூர், குஜராத் வெராவல் என்று எங்கே மீனுக்கு விலை கிடைக்கிறதோ அங்கே படகு ஒதுங்கும்.

இங்கே நாகர்கோவிலில் அறிவிப்பு பலகையில் நோட்டீஸ் ஒட்டி, 15 நாளில் மனு கொடு என்றால் யார் வந்து கொடுப்பது? கலெக்டர் ஆபீசில் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டமும் இதே கதைதான். படகில் இருப்பவர் ஊர் திரும்பும்போது கூட்டம் முடிந்து கோப்பும் மூடியிருக்கும்.

ஓகி கற்றுக்கொடுத்தது

2017 நவம்பர் 30ந்தேதி ஓகி புயல் குமரியை உலுக்கியது. காற்றழுத்த தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே நாளில் புயலாக மாறியது. கரையில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் போனவர்களுக்கு கிடைக்கவில்லை. கரையில் இருந்து 10, 15 கிலோமீட்டர் தாண்டினாலே செல்போன் செத்துப் போகும். வி.எச்.எப். வயர்லெஸ் அதைவிட கொஞ்ச தூரம் எட்டும், அவ்வளவுதான்.

நூற்றுக்கும் மேற்பட்ட குமரி மீனவர்கள் திரும்பவே இல்லை. எந்த படகில் யார் யார் போனார்கள் என்ற பட்டியல் சரியாக இல்லாததால் காணாமல் போனவர்கள் எண்ணிக்கை தினம் தினம் மாறியது. படகுகளில் வேலை பார்த்த வெளிமாநில தொழிலாளர்கள் விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பலியானவர் குடும்பத்துக்கு ரூ.20 லட்சம் நிவாரணம் வந்தது. நிவாரணம் வந்து என்ன, ஆள் வரவில்லையே!

இலவச கருவி

அதன் பிறகுதான் முன்கூட்டியே காப்பாற்றும் திட்டங்கள் வேகம் பிடித்தன. சாட்டிலைட் போனுக்கு மானியம் தரப்பட்டது. இப்போது முக்கியமானது டிரான்ஸ்பாண்டர். இஸ்ரோ தொழில்நுட்பத்தில் இயங்கும் இந்த கருவிக்கு செல்போன் டவர் தேவையில்லை, செயற்கைக்கோள் மூலம் வேலை செய்யும். புயல் எச்சரிக்கை படகுக்கே வந்து சேரும். ஆபத்து என்றால் படகில் இருந்து கரைக்கு சேதி அனுப்பலாம். எல்லை தாண்டப் போனாலும் எச்சரிக்கும்.

நாடு முழுவதும் 13 கடலோர மாநிலம், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளுக்கு ரூ.364 கோடியில் இதை பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30ந்தேதி தொடங்கி வைக்கப்பட்டது. மீனவருக்கு செலவு இல்லை, இலவசம்.

பெரிய விசைப்படகுக்கு மட்டும்தான் என்று நாட்டுப்படகுக்காரர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். இன்ஜின் பொருத்திய படகுகளும் திட்டத்தில் உண்டு. வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும்.

பிரதமரின் மத்ஸ்ய சம்படா திட்டத்தில் விபத்து காப்பீடும் இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். மரணம், நிரந்தர முழு ஊனம் என்றால் ரூ.5 லட்சம். பிரீமியத்தை அரசே கட்டும். ஆனால் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். கடலுக்குப் போன பிறகு பெயர் சேர்க்க முடியுமா?

எங்கே இடிக்கிறது?

எல்லாம் பதிவில்தான் தொடங்குகிறது. படகு பதிவு சான்று, மீன்பிடி உரிமம், மீனவர் அடையாள அட்டை, ஆதார், பாஸ் புக். இதில் ஒன்றில் பெயர் எழுத்து மாறி இருந்தாலும் மனு திரும்பி வரும். தமிழ்நாட்டு மீனவரின் படகு கேரளாவில் பதிவாகி இருந்தால் இன்னும் மோசம். இங்கே போனால் அங்கே கேள் என்பார்கள், அங்கே போனால் இங்கே கேள் என்பார்கள். இரண்டு மாநில மீன்வளத்துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் விஷயம் இது.

எப்போது சொல்வது என்பதற்கு பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மேற்கு கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதிகாரிகள் படகு ஆய்வுக்கு எப்படியும் வருகிறார்கள். அன்றைக்கே ஒரு மேஜை போட்டு, ஜெராக்ஸ் மிஷினும் வைத்து, மனுவை அங்கேயே வாங்கினால் பாதி வேலை முடிந்தது. சின்னமுட்டம் பக்கம் கிழக்கு கடற்கரை தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அங்கே அந்த தேதியில் செய்ய வேண்டும்.

இன்னொன்று, பெண்கள். ஆண்கள் கடலில் இருக்கும்போது ரேஷன் கார்டு, பாஸ் புக், படகு பேப்பர் எல்லாம் வீட்டுப் பெண்கள் கையில்தான். மீன் விற்கும் பெண்கள் ஊர் ஊராக போகிறார்கள், சேதி பரப்புவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. மனைவியோ தாயோ மனு கொடுத்தால் வாங்கிக்கொண்டு, கையெழுத்துக்கு மட்டும் ஆளை பிறகு வரச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆலய மைக்கில் ஒரு நிமிடம் அறிவித்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அரசாணை தமிழில் நாலு பக்கம் அச்சடித்து கொடுப்பதைவிட இது மேல்.

கொச்சி துறைமுகத்திலும் தடைக்காலம் தவிர மற்ற மாதங்களில் ஒரு முகாம் போடலாம். குமரி படகுகள் அங்கேதானே நிற்கின்றன.

இப்போதைக்கு மீனவ குடும்பங்கள் செய்யக்கூடியது இதுதான். உங்கள் பகுதி மீன்வளத்துறை உதவி இயக்குனர் ஆபீசில் போய், படகு எண்ணைச் சொல்லி, டிரான்ஸ்பாண்டர் பட்டியலில் இருக்கிறதா, இன்சூரன்சில் பெயர் இருக்கிறதா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இல்லை என்றால் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். படகு கிளம்பும் முன் அதில் போகும் அத்தனை பேர் பெயரும், வெளிமாநில ஆட்கள் உட்பட, ஒரு பேப்பரில் எழுதி வீட்டில் வையுங்கள்.

கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படை 1554, கடலோர பாதுகாப்பு போலீஸ் 1093. மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில கட்டுப்பாட்டு அறை 1070.