பாஸ்வேர்டு மட்டும் போதாது... அமெரிக்க ராணுவ கம்ப்யூட்டரைத் திறக்கும் 'கார்டு'! எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்க ராணுவ அலுவலகத்தில் ஒருவர் கம்ப்யூட்டர் முன்பு உட்கார்ந்தால், முதலில் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி கார்டு ரீடரில் செருக வேண்டும். அதன் பெயர் 'காமன் ஆக்சஸ் கார்டு', சுருக்கமாக சிஏசி. முகாம் வாசலில் காட்டுவதும் இதே கார்டுதான்.

கார்டுக்குள் என்ன இருக்கிறது?

பார்க்க ஏடிஎம் கார்டு மாதிரிதான். ஆனால் இதில் உள்ள சிப்பில் டிஜிட்டல் சான்றிதழும், அதற்கு ஜோடியான ரகசிய சாவியும் இருக்கும். 'இந்த சாவி இவருடையது' என்று அமெரிக்க பாதுகாப்புத் துறையே டிஜிட்டல் கையெழுத்து போட்டுக் கொடுப்பதுதான் சான்றிதழ்.

லாகின் எப்படி நடக்கிறது?

கார்டைச் செருகியதும் 6 முதல் 8 இலக்க பின் நம்பரைப் போட வேண்டும். 3 முறை தப்பாகப் போட்டால் கார்டு லாக் ஆகிவிடும். கார்டு வழங்கும் அலுவலகத்துக்கு நேரில்தான் போக வேண்டும்.

பின் சரியாக இருந்தால், சர்வர் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணை அனுப்பும். சிப் அதில் ரகசிய சாவியால் கையெழுத்திட்டு திருப்பி அனுப்பும். சான்றிதழை வைத்து சர்வர் அதைச் சரிபார்க்கும். லாகினுக்கான ரகசிய சாவி சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. அதனால் அதை காப்பி அடிப்பது மிகவும் கடினம்.

கார்டு தொலைந்தால்?

உடனே தகவல் சொன்னால் சான்றிதழ் ரத்து செய்யப்படும். அந்த ரத்துப் பட்டியலை கம்ப்யூட்டர்கள் பார்க்கும் என்பதால், கார்டை எடுத்தவருக்கு பின் தெரிந்திருந்தாலும் பயனில்லை.

அப்படியும் ஹேக் செய்ய முயன்றது எப்படி?

2012 ஜனவரியில் 'சைக்கிபாட்' என்ற வைரஸ் பற்றி ஏலியன்வால்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது. இமெயிலில் பிடிஎஃப் ஃபைலாக வந்த அது, கீபோர்டில் தட்டும் பின் நம்பரைத் திருடியது. சாவியைத் திருட முடியாதே... என்ன செய்தது தெரியுமா? கார்டு ரீடரில் செருகியிருக்கும் நேரம் பார்த்து, உரிமையாளர் பெயரிலேயே உள்ளே நுழையப் பார்த்தது. பூட்டை உடைக்கவில்லை, சாவி கதவிலேயே தொங்கும் நேரத்துக்காகக் காத்திருந்தது!

அதனால்தான் சீட்டை விட்டு எழுந்தால் கார்டைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான விதி. கார்டை உருவியதும் ஸ்கிரீன் தானாக லாக் ஆகும்படியும் செட் செய்யப்படுகிறது.

நம்ம ஊரில் ஜிஎஸ்டி, டெண்டர் வேலைகளுக்குப் பயன்படும் டிஎஸ்சி யுஎஸ்பி டோக்கனும் இதே தொழில்நுட்பம்தான். வேலை முடிந்ததும் டோக்கனைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிடுபவர்கள், இந்த சம்பவத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.