குழந்தைகளின் மீன் தொட்டி

குழந்தை ஆசையோடு வளர்க்கத் தொடங்கிய மீன் சில நாட்களிலேயே இறந்துவிடுவதுண்டு. பலர் கருதுவதுபோல இதற்குக் காரணம் உணவுக் குறைவன்று. பெரும்பாலும் நீரில் சேரும் நஞ்சேயாகும்.

மீன்கள் செவுள்களின் வழியே அமோனியாவை வெளியிடுகின்றன. குளத்தில் அது பெருநீரில் கலந்து வலுவிழக்கும். சிறு தொட்டியிலோ தேங்கி மீனைக் கொல்லும். கூழாங்கற்களிலும் வடிகட்டியிலும் படியும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

ஆதலின், 40 லிட்டர் தொட்டியில் முதற்கண் மூன்று கப்பி மீன்களை மட்டும் விடுதல் நலம். அவை யாவும் ஆண் மீன்களாயின் குஞ்சுகள் பெருகா. குளோரின் கலந்த குழாய்நீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்த பின்னரே ஊற்றவேண்டும். நீரின் வெப்பம் 24 முதல் 28 பாகை செண்டிகிரேடு வரை இருக்கலாம். இரண்டு நிமிடங்களில் தின்று தீரும் அளவே உணவிடுக. எஞ்சியது அழுகி அமோனியாவைப் பெருக்கும். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுக. நீர் முழுவதையும் மாற்றிக் கற்களைக் குழாய்நீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் அழிந்து, பழைய இடர் மீளும்.

கப்பி தென்அமெரிக்க மீன். வேண்டாதபோது அதனைக் குளத்தில் விட்டால் நம் நாட்டுச் சிறு மீன்களுக்குக் கேடு விளையக்கூடும். இதனை ஆசிரியர்கள் மாணவருக்குத் தொடக்கத்திலேயே உணர்த்துதல் வேண்டும்.