சாம்பல் இறங்கும் சேறு

மின்னணுக் கழிவு என்றால் உடைந்த கைப்பேசி, கழித்துப்போட்ட கணினி என்றுதான் பேசிப் பழகியிருக்கிறோம். 2022இல் உலகில் சேர்ந்த அத்தகைய கழிவு சுமார் 6 கோடியே 20 லட்சம் டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் கால்பங்குகூட இல்லை. டெல்லி சீலம்பூரில், மொராதாபாத்தில் கம்பியை எரித்துச் செம்பெடுப்பவர்கள் வேறு பிழைப்பு கிடைக்காதவர்கள்.

ஆனால் கைப்பேசி குப்பையாகும் முன்பே, ஒவ்வொரு முறை அதற்கு மின்னேற்றும்போதும் எங்கோ ஒரு கழிவு சேர்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் அதன் பெயர் சாம்பல்.

இந்திய நிலக்கரியில் பெரும்பாலும் 30 முதல் 45 விழுக்காடு சாம்பல். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் 630 மெகாவாட்டில் தொடங்கியது. பிறகு 1,200 மெகாவாட் கூடியது. எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, கொசஸ்தலை ஆற்றைக் கடந்து போகும் குழாய்கள் வழியே செப்பாக்கம் அருகே தேக்குகிறார்கள். அதற்குச் சாம்பல் குளம் என்று பெயர். குளம் என்று பெயர் வைத்தவர் அதில் கால் நனைக்கப் போவதில்லை. குழாய்கள் பல ஆண்டுகள் ஒழுகின. ஆறு மேடிட்டது. சாம்பலில் ஆர்செனிக், ஈயம், பாதரசம் போன்றவை சிறு அளவில் உண்டு. கோடைக்காற்றில் அது செப்பாக்கம் வீடுகளுக்குள் வருகிறது. அந்த ஊரார் மாற்றிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

எண்ணூர் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் பக்கிங்காம் கால்வாயால் இணைந்தவை. இந்த நீரில் எல்லோரும் ஒன்றுபோல இறங்குவதில்லை. பழவேற்காட்டில் பாடு என்ற முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊர் முறைவைக்கும். பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டுகளுக்கே அதில் இடம்; தலித் மக்களும் இருளரும் பெரும்பாலும் வெளியே. வெளியே நிற்பவர்களுக்குக் கரையோரச் சேறுதான். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைத் துழாவி இறாலைக் கையால் பிடித்து, பல்லால் கவ்விய பறியில் போடுகிறார்கள். சாம்பல் படிவதும் அந்தச் சேற்றில்தான். படகில் போகிறவருக்கு நட்டம் வலையில் தெரிகிறது. இவர்களுக்கு அது முதலில் கையிலும் காலிலும் தெரிகிறது. அப்புறம் பறி காலியாக வருகிறது.

1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். நீரைத் தொடும் உரிமைக்கான போராட்டம் அது. தொட்டே பிழைக்கிறவர்களின் நீரில் என்ன கலக்கிறது என்பதும் அதே கேள்வியின் தொடர்ச்சி என்றே நாம் கருதுகிறோம். சூழலியலைப் பறவைக்காரர்களின் கவலை என்று நம் இயக்கங்கள் ஒதுக்கிவைத்தது பிழை.

காட்டுக்குப்பம் மீனவர் தொடுத்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. போராடிப் பெற்ற தீர்ப்பு, மதிக்கிறோம். ஆனால் இழப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது நிவாரணம் குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று அறிவிக்கப்பட்டது. படகுக்குப் பதிவெண் உண்டு. பறிக்கு இல்லை. இங்குள்ள மாணவர்களிடம் நாம் கேட்பது ஒரு வேலைதான்: அடுத்த பட்டியல் எழுதப்படும் முன், கையால் இறால் பிடிப்பவர்கள் எந்தெந்தக் குடியிருப்பில் எத்தனை பேர் என்று போய் எண்ணி வாருங்கள்.