அழகான ரெஸ்யூமே எங்கே சிதறுகிறது?

உங்கள் ரெஸ்யூமேயின் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, அதிலுள்ள எழுத்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். புகைப்படம் இருக்காது. நீல நிறத் தலைப்புப் பட்டை இருக்காது. எக்செல் திறமைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் படமாகப் போட்டிருந்தால், எக்செல் என்ற சொல் மட்டும் மிஞ்சும். இரண்டு பத்தி டெம்ப்ளேட்டாக இருந்தால், கல்லூரிப் பெயருக்கு நடுவே கைபேசி எண் வந்து உட்கார்ந்திருக்கலாம். இணையத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நிறுவனத்தின் கணினிக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய இந்த வெற்று எழுத்துதான். எச்.ஆர். பார்ப்பதற்கு முன்பே ஒரு மென்பொருள் அதைப் படித்து, பிரித்து, அடுக்கிவிடுகிறது.

ஏ.டி.எஸ். (அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த மென்பொருளைப் பற்றி வேலை தேடும் இளைஞர்களுக்குப் பயம் அதிகம். அதை ஏமாற்ற வழி சொல்லிக் காசு பார்ப்பவர்களும் உண்டு. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பயத்தில் பாதி போய்விடும். ரெஸ்யூமே எழுத்தில் நாம் திருத்தக்கூடியது எது, நம் கையில் இல்லாதது எது என்பதும் விளங்கிவிடும்.

ஸ்கேனரில் தொடங்கிய கதை

1988இல் அமெரிக்காவின் சிலிக்கான் வேலியில் தொடங்கப்பட்ட ரெஸ்யூமிக்ஸ், இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. காகிதத்தில் வந்த ரெஸ்யூமேக்களை ஸ்கேன் செய்து, எழுத்துகளை அடையாளம் கண்டு, திறமைகளைப் பட்டியலிடுவது அதன் வேலை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அதைப் பயன்படுத்தியது. பிறகு இணையம் வந்தது. இந்தியாவில் 1997இல் நௌக்ரி தளம் தொடங்கியது. தபால் செலவில்லாமல் ஒரே சொடுக்கில் விண்ணப்பிக்கலாம் என்றானதும் விண்ணப்பங்கள் குவிந்தன. குவிந்ததை மனிதர்களால் படித்து முடிக்க முடியவில்லை. இன்று வொர்க்டே, ஆரக்கிளின் டேலியோ, கிரீன்ஹவுஸ், நம் சென்னை ஜோஹோவின் ‘ஜோஹோ ரெக்ரூட்’ எனப் பல மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்கின்றன. அடிப்படையில் மூன்று படிகள்: எழுத்தைப் பிரித்தெடுப்பது, அதைப் பெயர், படிப்பு, அனுபவம் என்று கட்டங்களில் நிரப்புவது, தேடும்போது வரிசைப்படுத்தித் தருவது.

பத்தி தெரியாத பி.டி.எஃப்.

முதல் படியிலேயே பலருடைய ரெஸ்யூமே இடறுகிறது. 1993இல் அடோபி நிறுவனம் பி.டி.எஃப்.பை வெளியிட்டபோது அதன் நோக்கம் ஒன்றுதான்: எந்தத் திரையிலும் எந்த அச்சுப்பொறியிலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதனால் அந்தக் கோப்புக்குள் ‘இந்த எழுத்தை இந்த இடத்தில் வை’ என்ற கட்டளைகளே பெரும்பாலும் இருக்கும். எது சொல், எது வரி, எது பத்தி என்று குறித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக்கூட, எழுத்துகள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளந்து மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கும். இரண்டு பத்தியாக வடிவமைத்த ரெஸ்யூமேயில் இந்த ஊகம் தவறினால், நாளிதழின் அடுத்தடுத்த இரண்டு பத்திகளைக் குறுக்கே சேர்த்துப் படித்த கதைதான்.

இன்னும் நுணுக்கமான சிக்கல்களும் உண்டு. சில ஆங்கில எழுத்துருக்களில் ‘எஃப்’, ‘ஐ’ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஒட்டி ஒரே உருவமாக அச்சாகும். ‘சர்ட்டிஃபைடு’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது இது நேரலாம். கண்ணுக்கு அழகுதான். பிரித்தெடுக்கும்போது அந்த இரண்டெழுத்தும் ஒரு தனிக் குறியாக வரலாம்; வராமல் விழுந்தும் போகலாம். தேடுபவர் தட்டச்சு செய்யும் சொல்லோடு அது பொருந்தாது. சான்றிதழ் வாங்கியவர் பட்டியலில் வரமாட்டார்.

மொழிபெயர்ப்பு, பத்திரிகை, பதிப்பகம் போன்ற வேலைகளுக்குத் தமிழில் விண்ணப்பம் தயாரிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தியவை. அதில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. யூனிகோடில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

தீர்வுகள் எளிமையானவை. ஒரே பத்தியாக, மேலிருந்து கீழாக எழுதுங்கள். அட்டவணை, டெக்ஸ்ட் பாக்ஸ், ஐகான் வேண்டாம். வேர்டு கோப்பில் பக்கத் தலைப்பும் அடிக்குறிப்பும் தனியாகச் சேமிக்கப்படுவதால் சில மென்பொருள்கள் அவற்றைத் தவறவிடும். கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அங்கே வைக்காதீர்கள். அச்சடித்து ஸ்கேன் செய்த ரெஸ்யூமே வெறும் படம். வேர்டிலிருந்து நேரடியாக பி.டி.எஃப். ஆக்குங்கள். வேர்டு கோப்பையே கேட்டால் அதையே கொடுங்கள்.

இனிஷியலும் தேதியும்

அடுத்தது கட்டங்களை நிரப்பும் படி. எது பெயர், எது நிறுவனம், எது ஊர் என்று மொழியியல் நிரல்கள் அடையாளம் காண்கின்றன. இவற்றில் பல, முதற்பெயரும் குடும்பப் பெயரும் உள்ள சமூகங்களை மனத்தில் வைத்து உருவானவை. ‘க. முத்துலட்சுமி’யின் இனிஷியலை என்ன செய்வது என்று படிவத்துக்குத் தெரியாது. ஒரு தளத்தில் இனிஷியலும், இன்னொரு தளத்தில் அப்பாவின் முழுப்பெயரும், ரெஸ்யூமேயில் வெறும் பெயரும் இருந்தால், ஒரே ஆள் மூன்று ஆளாகப் பதிவாகலாம். சான்றிதழில் உள்ள பெயரையே எல்லா இடத்திலும் ஒரே விதமாகக் கொடுப்பது நல்லது.

அனுபவத்தை மென்பொருள் தேதிகளை வைத்தே கணக்கிடுகிறது. ‘ஜூன் 2021 – மார்ச் 2024’ என்றால் அதற்குப் புரியும். ‘கடந்த மூன்று ஆண்டுகளாக’ என்றால் எப்போதிலிருந்து என்று அதற்குத் தெரியாது. தலைப்புகளும் வழக்கமானவையாக இருக்கட்டும். ‘பணி அனுபவம்’ என்று எல்லாரும் போடும் இடத்தில் ‘என் பயணம்’ என்று போட்டால், அந்தப் பகுதியே கட்டத்துக்குள் போகாமல் நின்றுவிடலாம்.

அரிய சொல்லுக்கு எடை அதிகம்

மூன்றாவது படி தேடல். இங்கே வேலை செய்யும் கணிதத்தில் ஒரு பகுதி, கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1972இல் வெளியிட்ட கருத்திலிருந்து வந்தது. ஓர் ஆவணத் தொகுப்பில் எல்லா ஆவணங்களிலும் இருக்கும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. சிலவற்றில் மட்டும் இருக்கும் சொல்லுக்கே எடை அதிகம் என்பது அதன் சாரம். கூகுள் போன்ற தேடுபொறிகளுக்கும் இது அடித்தளம். ‘கடின உழைப்பாளி’, ‘குழுவாக இயங்குபவர்’ என்பவை எல்லா ரெஸ்யூமேயிலும் இருப்பதால் அவற்றுக்கு ஏறக்குறைய மதிப்பே இல்லை.

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தவரை எடுத்துக்கொள்வோம். ‘வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் தொடர்பில் இருந்தேன்’ என்று அவர் எழுதினால் யாரும் தேடாத வாக்கியம் அது. பையர் ஃபாலோ அப், சாம்பிளிங், காஸ்டிங், டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர் என்று தொழிற்சாலையில் தினமும் புழங்கும் சொற்களை எழுதினால், அதே சொற்களைத்தான் தேடுபவரும் அடிப்பார். வேலை விளம்பரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, நாம் உண்மையில் செய்த வேலைகளுக்கு அதில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே பயன்படுத்தலாம்.

2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேர்டு2வெக், 2018இல் வந்த பெர்ட் ஆகிய மொழிக் கணிப்பு முறைகளுக்குப் பிறகு, சொல் மாறினாலும் பொருள் நெருக்கத்தைக் கணிக்கும் திறன் கணினிக்கு வந்துவிட்டது. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதற்கு மாறிவிடவில்லை. அச்சு அசலான சொல்லைத் தேடும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. அதனால் ‘சி.ஏ.’ என்ற சுருக்கத்தையும் ‘சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்’ என்ற விரிவையும் ஒரு தடவையாவது சேர்த்தே எழுதிவிடுவது பாதுகாப்பு.

வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகத் திறமைச் சொற்களை ஒளித்து வைக்கும் தந்திரம் ஒன்று உலவுகிறது. பிரித்தெடுத்த எழுத்துக்கு நிறம் கிடையாது. ஒளித்த சொற்கள் எல்லாம் எச்.ஆர். திரையில் பளிச்சென்று வந்து நிற்கும். நம்பகத்தன்மை அத்தோடு போயிற்று.

கதவை அடைப்பது யார்?

ரெஸ்யூமேக்களில் 75 சதவீதத்தை மென்பொருளே குப்பையில் போடுகிறது என்ற எண் பல காலமாகச் சுற்றுகிறது. அதற்கு ஆதாரமான ஆய்வு எதுவும் இல்லை. தானாக நிராகரிக்கும் வேலை பெரும்பாலும் வேறு இடத்தில் நடக்கிறது: விண்ணப்பத்தின்போது கேட்கப்படும் ஆம்-இல்லை கேள்விகளில். அரியர் இருக்கிறதா? பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம் உண்டா? இரண்டு ஆண்டு அனுபவம் உண்டா? இந்த வரம்புகளை மென்பொருள் கண்டுபிடிப்பதில்லை, நிறுவனத்தில் உள்ள ஒருவர் அமைத்து வைக்கிறார்.

2021இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்சரும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் நடத்திய ஆய்வில், தகுதியுள்ள உயர்திறன் விண்ணப்பதாரர்கள், விளம்பரத்தில் உள்ள வரையறைக்கு அப்படியே பொருந்தாததால் வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள் என்று நிர்வாகிகளில் 88 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேலை இடைவெளி இருந்தாலே ஒதுக்கும் வடிகட்டியை ஏறத்தாழ பாதி நிறுவனங்கள் வைத்திருந்தன. பிரசவத்துக்காக நின்றவர், அப்பாவை மருத்துவமனையில் பார்த்துக்கொண்டவர், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தவர் எல்லாரும் அத்தகைய வடிகட்டியில் ஒன்றுதான். அந்த மாதங்களைக் காலியாக விடாமல், தேதியோடு காரணத்தையும் அப்போது முடித்த பயிற்சியையும் எழுதினால், வடிகட்டியைத் தாண்டாவிட்டாலும் படிக்கும் மனிதருக்காவது பதில் கிடைக்கும்.

வரம்பை மனிதர் வைக்காமல் கணினியே கற்றுக்கொண்டால் சரியாகிவிடுமா? அமேசான் முயன்று பார்த்தது. 2014இல் தொடங்கிய அந்தத் திட்டம், பத்தாண்டுகளில் வந்த ரெஸ்யூமேக்களைப் படித்து ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடக் கற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, ‘மகளிர்’ என்ற சொல் வந்தாலே மதிப்பெண் குறைந்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களும் கீழே தள்ளப்பட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. ஆட்களை மதிப்பிட அதைத் தங்கள் ஆட்சேர்ப்பாளர்கள் பயன்படுத்தவே இல்லை என்றது அமேசான். 2023 ஜூலை முதல் நியூயார்க் நகரம் இத்தகைய கருவிகளுக்கு ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கையைக் கட்டாயமாக்கி நடைமுறைப்படுத்துகிறது. 2024இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஆட்சேர்ப்புக் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்துகிறது.

விண்ணப்பிப்பவர் ரெஸ்யூமேயை ஒரே பத்தியாக, வழக்கமான தலைப்புகளோடு, தொழிலின் சொற்களில் எழுதிவிட்டால் அவர் பங்கு முடிந்தது. மிச்சம் நிறுவனத்தின் பங்கு. தங்களிடம் நன்றாக வேலை பார்த்துவருபவர்கள் சேரும்போது கொடுத்த பழைய ரெஸ்யூமேக்களை, இன்றைய வடிகட்டியில் எச்.ஆர். துறையினர் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். அவர்களில் பாதிப் பேர் வெளியே விழுந்தால், திருத்த வேண்டியது விண்ணப்பதாரரின் ரெஸ்யூமேயை அல்ல, அந்த வடிகட்டியை.