கேஜ் வீலும் வெல்டிங் மிஷினும்



ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊரே ஒரே சமயத்தில் சேற்றுழவுக்கு இறங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் டிராக்டரின் கேஜ் வீலில் ஒரு பட்டை விட்டுப்போகும். பட்டறைக்குப் போனால் நமக்கு முன்னால் பத்துப் பேர். நாலு நாள் போச்சுன்னா நாற்று முற்றிவிடும். அதனால்தான் பலர் சொந்தமாகச் சின்ன வெல்டிங் மிஷின் வாங்குகிறார்கள். வாங்கலாம், தப்பில்லை.

குச்சிக்கும் இரும்புக்கும் நடுவே மின்சாரம் தாவும்போது உண்டாகும் சூட்டில் இரண்டும் உருகி ஒன்றாகின்றன. குச்சியின் மேல் பூசிய மருந்து எரிந்து, புகையாகவும் கசடாகவும் மாறி, உருகிய இரும்பில் காற்றுப் படாமல் காக்கிறது. மருந்து நமுத்துப் போனால் பற்று ஓட்டை ஓட்டையாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் எதுதான் நமுக்காது? குச்சியை இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

பழைய டிரான்ஸ்பார்மர் மிஷினைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். வீட்டு லைனும் தாங்காது. இப்போது வரும் இன்வெர்ட்டர் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். 2.5 மி.மீ. குச்சிக்கு 70, 80 ஆம்பியர் போதும். 3.15 மி.மீ. குச்சிக்கு 100-க்கு மேல் வேண்டும். அதற்குத் தனி லைன் இழுப்பதே நல்லது. ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரம் இறைப்புக்கு மட்டும்தான். அதில் வெல்டிங் வைத்துப் பிடிபட்டால் பணம் கட்ட வேண்டிவரும்.

கேஜ் வீல் சாதாரண இரும்பு. 6013 என்று நம்பர் போட்ட குச்சி போதும். விரிசலுக்கு மேலேயே பூசிவிட்டு வருவதுதான் பெரும்பாலோர் செய்கிற தப்பு. அது அரை நாள் கூட நிற்காது. சேறு, துரு, பெயிண்ட் எல்லாவற்றையும் சுரண்டி, விரிசலைப் பள்ளமாகத் தேய்த்துவிட்டு, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வரணும். ஒவ்வொரு வரிசைக்கும் கசடைத் தட்டி எடுக்கணும். ரோட்டவேட்டர் கத்தியை மட்டும் ஒட்டாதீர்கள். அது பதம் போட்ட எஃகு. ஒட்டின இடத்தருகே முறிந்து பறக்கும். வார்ப்பிரும்புப் பம்புக்கும் இந்தக் குச்சி ஆகாது. அதற்கு நிக்கல் குச்சியும் பழகிய கையும் வேண்டும்.

டிராக்டரிலேயே மாட்டியபடி ஒட்டுவதானால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டணும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

வயலில் நின்றபடி ஈரக்காலோடு ஒட்டவே கூடாது. சும்மா இருக்கும்போதே ஹோல்டர் முனையில் 60, 70 வோல்ட் இருக்கும்; ஈர உடம்புக்கு அதுவே எமன். சக்கரத்தைக் கரைக்குக் கொண்டுவந்து, காய்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த தோல் கையுறையோடு செய்யுங்கள். வைக்கோல் போர் பக்கம் வேண்டாம். டீசல் இருந்த பீப்பாய் காலியானாலும் தொடாதீர்கள், வெடிக்கும்.

முறையாகப் பழக விரும்பும் பிள்ளைகளுக்கு ஐ.டி.ஐ.-யில் வெல்டர் பிரிவு உண்டு. திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

கருப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு தடவை கூடப் பார்க்காதீர்கள். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை விரட்டிவிடுங்கள். அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். அப்படி எரிந்தால் கசக்காமல், தாய்ப்பால், எண்ணெய் என்று எதையும் விடாமல், கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.