நஞ்சைக் குடிக்கும் குறுமுனி

ஆயிரம் டேங்கர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் 10,000 லிட்டர் தண்ணீர். அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் பூச்சிக்கொல்லி. பாட்டில் குடிநீரில் ஏதேனும் ஒரு பூச்சிக்கொல்லி இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு இவ்வளவுதான்: லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம்.

இந்த வரம்பு வரக் காரணம் தில்லியில் வெடித்த ஒரு சர்ச்சை. தலைநகரில் விற்ற பாட்டில் குடிநீரைச் சோதித்த அறிவியல் சுற்றுச்சூழல் மையம், 2003 பிப்ரவரியில் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் லிண்டேன், டிடிடி, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் என்று ஏதாவது ஒரு நஞ்சு. ஆகஸ்டில் 12 குளிர்பானங்கள் அகப்பட்டன. கம்பெனிகள் கொதித்தன, நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைந்தது. சரத் பவார் தலைமையிலான அக்குழு 2004இல், மையம் சொன்னது சரியே என்றது.

வரம்பு விதிப்பது சுலபம். ஒரு லாரித் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் கரைந்திருப்பதைத் தேடிப் பிடிப்பது எப்படி?

விடைகளில் ஒன்று அதே 2003இல் சென்னை ஐ.ஐ.டி.யில் கிடைத்தது. வேதியியல் பேராசிரியர் டி. பிரதீப்பும் அவரது குழுவினரும் பூச்சிக்கொல்லியைத் தேடிப் போகவில்லை. தங்கம், வெள்ளியின் மிக நுண்ணிய துகள்கள் கார்பன் டெட்ராகுளோரைடை என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துகள்கள் அதைச் சிதைத்துவிட்டன. அப்படியானால் பூச்சிக்கொல்லியை?

வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கந்தகம் வெள்ளியோடு கூடுவதால் வரும் கறுப்பு அது. எண்டோசல்பான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ் மூன்றிலுமே கந்தகம் உண்டு. சரி, தண்ணீரை வெள்ளிச் செம்பில் ஊற்றி வைத்தாலே போதாதா என்று கேட்கலாம். போதாது. இங்கேதான் அளவு குறுக்கிடுகிறது.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டி. ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால்தலை அளவு. தண்ணீரைத் தொடுவது அந்தப் பரப்பு மட்டுமே. உள்ளே இருக்கும் கோடானுகோடி அணுக்களுக்கு வேலையே இல்லை. அதே கட்டியை 10 நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். இரண்டரை கிரவுண்டு மனைக்கும் அதிகம்! வெள்ளியோ குன்றிமணி எடைகூடக் கூடவில்லை. (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர்.)

பரப்பு மட்டுமல்ல, குணமும் மாறுகிறது. கட்டியின் நடுவில் இருக்கும் அணுவைச் சுற்றி எல்லாப் பக்கமும் உறவினர்கள். அது நிறைவாக இருக்கிறது. மேற்பரப்பிலும் விளிம்பிலும் இருக்கும் அணுவுக்கு உறவு குறைவு. பக்கத்தில் வருவதைப் பற்றிக்கொள்ளத் துடிக்கும். துகள் சிறிதாக ஆக, இத்தகைய அணுக்களின் விகிதம் ஏறிக்கொண்டே போகும். நிறம்கூட நிலைப்பதில்லை. தங்கத்தின் நுண்துகள் மிதக்கும் நீர் மஞ்சளாக இராது, மாணிக்கச் சிவப்பாக இருக்கும். மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இதை ஆராய்ந்தார். சென்னை ஆய்வகத்தில் அந்தச் சிவப்பில் எண்டோசல்பான் சேர்ந்ததும் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி, நிறம் நீலமானது. பிடிக்கிற பொருளே காட்டிக்கொடுக்கவும் செய்தது.

நானோ என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் குள்ளன் என்று பொருள். தமிழில் மீநுண் என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ கடலையே குடித்த குறுமுனி அகத்தியர்தான் நினைவுக்கு வருகிறார்.

நுண்துகளைத் தண்ணீரில் அப்படியே கொட்டிவிட முடியாது. நஞ்சுக்குப் பதில் வெள்ளியையல்லவா குடிப்போம்! எனவே அலுமினா மணிகளின் மேல் துகள்களைப் பதித்து, அவற்றின் வழியே நீரை வடியவிட்டார்கள். யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் 2007இல் இதை வீட்டு வடிகட்டியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மத்திய அரசு, 1,000 கோடி ரூபாயில் ஐந்தாண்டு நானோ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பெரிய தொகைதான், ஆனால் ஐ.ஐ.டி. வடிகட்டி அந்தப் பணத்துக்கு முன்பே பிறந்தது என்பதைத் தில்லி அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

வடிகட்டி இருக்கிறதே என்று வயலில் இஷ்டம்போல் மருந்தடிக்கலாமா? கூடாது. பிடிபட்ட நஞ்சு வடிகட்டிக்குள்தான் இருக்கிறது. பயன்படுத்தித் தீர்ந்த உருளையைக் குப்பையில் எறிந்தால் அது மறுபடி மண்ணுக்கே போகும். பூச்சிக்கொல்லியை அடிக்கிற இடத்திலேயே தடுக்கவும் முடியும். எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011 மே மாதம் தடை செய்தது.

ஆர்சனிக் அப்படியல்ல. கங்கைச் சமவெளியில் அது பெரும்பாலும் பூமிக்கடியிலேயே இருந்து கிணற்று நீரில் கலக்கிறது. எந்த நீதிமன்றமும் அதைத் தடை செய்ய முடியாது. பிரதீப்பின் குழு பிறகு கையில் எடுத்தது அதைத்தான். இம்முறை தங்கமும் வெள்ளியும் அல்ல. துரு இனத்தைச் சேர்ந்த மலிவான இரும்புச் சேர்மம். இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானில் அதன் நுண்துகள்களைக் கோத்து வைத்தார்கள். 'அம்ரித்' என்ற பெயரில் அது மேற்கு வங்கக் கிராமங்களுக்குப் போனது. அங்கே பிடிக்க வேண்டிய அளவு, லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் ஆர்சனிக் முழுவதும்.